பாய்லர் வெக்கையும் விந்தணுவும்: ஜூலை வரை பொறுங்கள், வேலையை விட வேண்டாம்

கேள்வி: மலேசியாவில் தெலுக் இந்தான் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் பாய்லரில் வேலை செய்கிறேன். எனக்கு 33 வயது, மனைவிக்கு 29. கல்யாணமாகி இரண்டரை வருடமாகியும் குழந்தை இல்லை. மே நடுவில் ஈப்போவில் ஒரு லேபில் விந்துப் பரிசோதனை செய்தேன். வீட்டிலேயே எடுத்து, பிளாஸ்டிக் பையில் போட்டு, மோட்டார் கூடையில் வைத்துக்கொண்டு போனேன். கொடுக்கும்போது இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. அளவு 1.8 மி.லி., எண்ணிக்கை ஒரு மில்லிக்கு 90 லட்சம், முன்னோக்கி நீந்துபவை 8 சதவீதம், சரியான வடிவம் 3 சதவீதம் என்று ரிப்போர்ட் வந்தது. மார்ச் கடைசியில் டெங்கு வந்து ஆறு நாள் வார்டில் இருந்தேன். வேலை முடிந்து வரும்போது கீழே இடப்பக்கம் கனமாக, மந்தமாக வலிக்கும். கூட வேலை செய்யும் அண்ணன், “பாய்லர் சூட்டில் எல்லாம் வெந்துபோச்சு, வேலையை விட்டுவிடு” என்கிறார். அம்மா என் மனைவியைத்தான் குறை சொல்கிறார். அவளிடம் இன்னும் ரிப்போர்ட்டைக் காட்டவில்லை. வேலையை விடலாமா? நான் ஆம்பளையே இல்லையா டாக்டர்?

பதில்: தம்பி, கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஆண்மையில் ஒரு குறையும் இல்லை. விதைக்குள் இரண்டு வேலைகள் தனித்தனியாக நடக்கின்றன. ஒரு வகைச் செல்கள் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. மீசை, குரல், ஆசை, விறைப்பு எல்லாம் அதன் கையில். இன்னொரு பக்கம், மெல்லிய குழாய்களுக்குள் விந்தணு உற்பத்தியாகிறது. ஹார்மோன் சுரக்கும் செல்கள் சூட்டை ஓரளவு தாங்கும். விந்தணுவாக மாறிக்கொண்டிருக்கும் செல்கள் தாங்காது. அதனால்தான் படுக்கையில் எந்தக் குறையும் இல்லாத ஆளுக்கும் எண்ணிக்கை குறைவாக வரும்.

வேலையை விடுவதைப் பற்றி இப்போது முடிவெடுக்காதீர்கள். நீங்கள் கையில் வைத்திருக்கும் ரிப்போர்ட்டை நம்பி அவ்வளவு பெரிய முடிவை எடுக்க முடியாது. ஏன் என்று பார்ப்போம்.

ரிப்போர்ட்டில் இருக்கும் எண்களை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். முன்னோக்கி நீந்துபவை 8 சதவீதம் என்ற எண்ணை ஒதுக்கிவிடலாம். மாதிரி வெளிவந்து அரை மணி நேரத்தில், அதிகம் போனால் ஒரு மணி நேரத்துக்குள், நுண்ணோக்கியின் கீழ் போக வேண்டும். அதற்குப் பிறகு விந்தணுக்கள் தாமாகவே சோர்ந்து நிற்கத் தொடங்கும். உங்களுடையது இரண்டு மணி நேரம், அதுவும் வெயில் நேராக அடிக்கும் மோட்டார் கூடையில், பிளாஸ்டிக் பைக்குள் போயிருக்கிறது. அந்தப் பைக்குள் சூடு 37 டிகிரியைத் தாண்டியிருந்தால் ஆச்சரியமில்லை. லேபில் பார்த்தபோது அசையாமல் கிடந்தவற்றில் எத்தனை உங்கள் உடம்பை விட்டு வரும்போதே அசையாதவை, எத்தனை சாலையில் சோர்ந்தவை என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆனால் எண்ணிக்கை அப்படியில்லை. வழியில் செத்த விந்தணுவும் எண்ணும்போது கணக்கில் வரும். ஒரு மில்லிக்கு 90 லட்சம், 1.8 மில்லி என்றால் மொத்தம் 1 கோடியே 62 லட்சம். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டுக் கையேட்டில் உள்ள கீழ் எல்லை மொத்தம் 3 கோடியே 90 லட்சம். மில்லிக்கு 1 கோடியே 60 லட்சம். அந்த எல்லை எப்படி வந்தது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஓராண்டுக்குள் மனைவி கருவுற்ற ஆண்களை எடுத்துக்கொண்டு, அவர்களில் மிகக் குறைந்த எண்ணிக்கை உள்ள 5 சதவீதத்தினர் நிற்கும் இடத்தில் கோடு போட்டிருக்கிறார்கள். கோட்டுக்குக் கீழேயும் தகப்பன்மார் இருக்கிறார்கள். ஆக, உங்கள் எண்ணிக்கை குறைவுதான், நம்பிக்கை இழக்கும் அளவுக்கு இல்லை. அளவு 1.8 மில்லி சரியானது (எல்லை 1.4). வடிவத்தில் எல்லை 4, உங்களுக்கு 3. அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இப்போது டெங்குவுக்கு வருவோம். ஒரு விந்தணு ஆரம்பச் செல்லிலிருந்து முழுதாக உருவாக ஏறக்குறைய 74 நாள் ஆகும். பிறகு விதையின் பின்புறம் ஒட்டியிருக்கும் சுருள்குழாயில் முதிர்ந்து வெளியே வர இன்னும் ஒன்றிரண்டு வாரம். ஆக மொத்தம் மூன்று மாதம். இந்த வரிசையில் சூட்டுக்கு முதலில் பலியாவது, பாதி வழியில் இருக்கும் செல்கள், அதாவது குரோமோசோம்களைப் பாதியாகப் பிரித்துக்கொண்டிருப்பவையும் அப்போதுதான் பிரித்து முடித்தவையும். வரிசையின் தொடக்கத்தில் இருக்கும் மூலச் செல்கள் தாக்குப்பிடிக்கும். காய்ச்சல் 39, 40 டிகிரியில் நாலைந்து நாள் நின்றால் நடுவில் இருப்பவை கூட்டமாகச் சாகும். அந்த இழப்பு அன்றைக்குத் தெரியாது. ஐந்து முதல் எட்டு வாரம் கழித்து, அந்தச் செல்கள் வெளியே வந்திருக்க வேண்டிய நேரத்தில்தான் எண்ணிக்கை குறையும். உங்களுக்கு மார்ச் கடைசியில் காய்ச்சல், மே நடுவில் பரிசோதனை. சரியாக ஏழாவது வாரம். எண்ணிக்கை மிகக் குறைவாக இருக்கக்கூடிய நேரத்தில் போய்ப் பரிசோதனை செய்திருக்கிறீர்கள். எந்த டாக்டரிடம் போனாலும், “கடந்த மூன்று மாதத்தில் காய்ச்சல் வந்ததா?” என்று அவர் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லிவிடுங்கள்.

அப்படியானால் பாய்லருக்கு இதில் பங்கே இல்லையா? இருக்கலாம். அதைப் புரிந்துகொள்ள, விதை ஏன் உடம்புக்கு வெளியே தொங்குகிறது என்று தெரிய வேண்டும். உடம்பின் உள்சூடு 37 டிகிரி. விதைக்கு வேண்டியது அதைவிட 2 முதல் 4 டிகிரி குறைவு. இந்த வித்தியாசத்தைக் காக்க உடம்பு நிறைய ஏற்பாடு செய்திருக்கிறது. விதைப்பையின் தோல் மெல்லியது. அடியில் கொழுப்பு கிடையாது. வியர்வைச் சுரப்பிகள் நிறைய. சூடானால் தசை தளர்ந்து பை கீழே இறங்கும், குளிர்ந்தால் சுருங்கி மேலே ஏறும். இவை எல்லாவற்றையும்விட நுட்பமான ஏற்பாடு ஒன்று உண்டு. விதைக்குப் போகும் தமனியைச் சுற்றி, திரும்பி வரும் சிரைகள் கொடிபோலப் பின்னிக் கிடக்கின்றன. மேலிருந்து வரும் சூடான இரத்தம், கீழிருந்து வரும் குளிர்ந்த இரத்தத்துக்குத் தன் சூட்டைக் கொடுத்துவிட்டு, ஆறிய பிறகே விதைக்குள் நுழைகிறது.

இதில் எத்தனை டிகிரி மாறினால் கெடும் என்றால், மிகக் கொஞ்சம் போதும். பிரான்சின் துலூஸ் நகரில் 1980களில் செய்த ஆய்வுகளில், தனியாகத் தைத்த உள்ளாடையால் விதைகளைத் தினமும் 15 மணி நேரம் உடம்போடு மேலே ஒட்டி வைத்தார்கள். விதையின் சூடு ஏறக்குறைய 2 டிகிரிதான் கூடியது. சில மாதங்களில் விந்தணு எண்ணிக்கை பாதாளத்துக்குப் போனது. நிறுத்தியதும் மாதக்கணக்கில் மெல்ல மெல்லப் பழைய நிலைக்கு வந்தது. இத்தாலியில் 2013இல் வந்த ஓர் ஆய்வில், 10 பேர் வாரம் இருமுறை, 15 நிமிடம், 80 முதல் 90 டிகிரி சவுனா வெப்ப அறையில் மூன்று மாதம் உட்கார்ந்தார்கள். அவர்களுக்கும் எண்ணிக்கையும் நீச்சலும் குறைந்தன; நிறுத்தி ஆறு மாதத்தில் மீண்டன. எனவே, சூடு கெடுக்கும் என்பது உண்மை. வெந்துபோய்விட்டது, இனி வராது என்பது உண்மையில்லை. மூலச் செல்கள் உயிரோடு இருக்கும்வரை வரிசை மறுபடியும் தொடங்கும். அந்த அண்ணனிடம் இதைச் சொல்லுங்கள்.

உங்கள் வேலையில் சூடு மூன்று வழியில் ஏறுகிறது. செம்பனைப் பழத்தின் நாரும் கொட்டை ஓடும் எரியும் அடுப்பின் கதவைத் திறந்து, சாம்பலை இழுக்கும்போது நெருப்பின் அனல் இடுப்புக்கு நேராக அடிக்கிறது. காற்றே ஈரமாக இருப்பதால் வியர்வை காயாது. வியர்வை காயாவிட்டால் உடம்பு குளிராது, உள்சூடு ஏறும். மூன்றாவது, தடித்த ஜீன்ஸும் இறுக்கமான உள்ளாடையும். அவை வியர்வையில் ஊறித் தொடையோடு ஒட்டிக்கொண்டால், விதைப்பைக்குள் இருக்கும் அத்தனை குளிரூட்டும் ஏற்பாடும் வீண்.

வேலையை விடாமலேயே இதில் நிறையக் குறைக்கலாம். கதவைத் திறந்து இழுக்கும் வேலையை நீளமாக ஒரே மூச்சில் செய்யாமல், கூட்டாளியோடு மாற்றி மாற்றிச் செய்யுங்கள். கதவுக்கு நேர் எதிரே நிற்காமல் ஒரு பக்கமாக ஒதுங்கி நில்லுங்கள். நேர் அனலில் நிற்பதற்கும் இரண்டடி ஒதுங்கி நிற்பதற்கும் வித்தியாசம் அதிகம். மீட்டரைப் பார்ப்பது, குறித்து வைப்பது போன்றவற்றுக்கு உள்ளேயே நிற்காமல் கண்ட்ரோல் ரூமுக்குள் போய்விடுங்கள். 15, 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு கோப்பை, ஏறக்குறைய 250 மி.லி. தண்ணீர். தாகம் எடுத்த பிறகு ஒரே மடக்கில் ஒரு போத்தல் குடிப்பது இதற்கு ஈடாகாது. கம்பெனி கொடுத்த பாதுகாப்பு உடையைக் கழற்றக் கூடாது, தீக்காயம் வரும். உள்ளே போடுவதை மாற்றுங்கள்: இறுக்கமான ஜட்டிக்குப் பதில் தளர்ந்த பருத்தி பாக்ஸர். ஓய்வு நேரத்தில் நனைந்ததை மாற்றிக்கொள்ள இன்னொன்று பையில் இருக்கட்டும். அமெரிக்காவில் 656 ஆண்களிடம் செய்து 2018இல் வெளிவந்த ஆய்வில், தளர்ந்த உள்ளாடை அணிந்தவர்களின் விந்தணு அடர்த்தி மற்றவர்களைவிட 25 சதவீதம் அதிகம் இருந்தது. செலவில்லாத மாற்றம், இன்றே செய்யலாம்.

வெப்பத்தைப் பற்றி ஆலை நிர்வாகத்திடம் பேச உங்களுக்கு இடமிருக்கிறது. வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறை, அதாவது நம்மவர்கள் ஜேகேகேபி என்று சொல்லும் துறை, 2016இல் வெப்ப அழுத்தத்துக்கென்றே ஒரு வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. சூட்டை அளப்பது, ஓய்வு நேரம், நிழல், தண்ணீர் எல்லாம் அதில் உண்டு. 40 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு இருந்தாக வேண்டும் என்பது சட்டம். குழந்தை விஷயத்தைச் சொல்லக் கூச்சமாக இருந்தால் சொல்ல வேண்டியதில்லை. பாய்லர் பக்கம் சூட்டை அளக்கச் சொல்லிக் கேட்டாலே போதும். பின்னால் இடம் மாற்றிக் கேட்க நேர்ந்தால், எடைமேடை, குலை இறக்கும் ரேம்ப், ஒர்க்‌ஷாப் என்று கேளுங்கள். ஸ்டெரிலைசருக்கு மாறிப் பயனில்லை. குலைகளை வேகவைக்கும் நீராவியில்தான் அங்கேயும் நிற்பீர்கள்.

இடப்பக்க வலியைப் பற்றி நீங்கள் ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். எனக்கு இந்தக் கடிதத்திலேயே முக்கியமான வரி அதுதான். நின்று வேலை செய்த நாளின் கடைசியில் இடப்பக்கம் கனப்பது, படுத்தால் குறைவது, வரிகோசீல் என்ற சிரைப் புடைப்பின் அடையாளமாக இருக்கலாம். நான் சொன்ன அந்தக் கொடிபோன்ற சிரைகள் புடைத்து, வயிற்றுப் பக்கத்துச் சூடான இரத்தம் கீழே திரும்பி வந்து தேங்கி நிற்கும். குளிரவைக்க வேண்டிய இரத்தமே சூடாக்கத் தொடங்கிவிடும். இடது சிரை நீளமானது, சிறுநீரகச் சிரையில் செங்குத்தாகப் போய்ச் சேர்கிறது. அதனால்தான் பெரும்பாலும் இடப்பக்கத்தில் வருகிறது. ஆண்களில் ஏறக்குறைய 15 சதவீதம் பேருக்கு இது உண்டு; குழந்தை தாமதமாகிப் பரிசோதனைக்கு வரும் ஆண்களில் மூன்றில் ஒருவருக்கு மேல். வெந்நீரில் குளித்துவிட்டு, நின்றபடி, விதைக்கு மேலே விரலால் தடவிப் பாருங்கள். ஒரு பிடி மீ நூடுல்ஸைச் சுருட்டி வைத்ததுபோல் மெத்தென்று பட்டால், படுத்ததும் அது மறைந்தால், அநேகமாக அதுதான். உங்கள் கை சொல்வதோடு நிறுத்தாமல் டாக்டரிடம் காட்டுங்கள். உங்களை நிற்க வைத்து, மூச்சை அடக்கி முக்கச் சொல்லி அவர் பார்க்க வேண்டும். படுக்க வைத்து மட்டும் பார்த்தால் தவறிப்போகும். கையில் தட்டுப்படும் அளவு புடைப்பும் இருந்து, எண்ணிக்கையும் குறைவாக இருந்தால், சிறிய அறுவை சிகிச்சையால் சரிசெய்யலாம். பலன் தெரிய மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். விதையிலேயே கல்போலக் கட்டி தட்டுப்பட்டால், வலி இல்லாவிட்டாலும், அதே வாரம் டாக்டரைப் பாருங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். வந்ததும் சாதாரணத் தண்ணீரில் குளித்துக் கைலிக்கு மாறிவிடுங்கள். இதற்குக் கைலியைவிட நல்ல உடை கிடையாது. வெயிலில் நின்ற மோட்டாரின் கறுப்பு சீட்டில் அப்படியே ஏறி உட்காராதீர்கள். நிழலில் நிறுத்துங்கள், இல்லையென்றால் மேலே ஒரு துணியாவது போடுங்கள். லேப்டாப்பை மடியில் வைக்காதீர்கள்; ஒரு மணி நேரத்தில் விதைப்பையின் சூடு இரண்டரை டிகிரிக்கு மேல் ஏறும் என்று அளந்திருக்கிறார்கள். ஐஸ் கட்டியை வைத்து ஒத்தடம் கொடுக்க வேண்டாம், தோல் புண்ணாகும். உங்கள் அம்மா, “டுரியான் சூடு, மாம்பழம் சூடு” என்று தடுக்கலாம். அந்தச் சூடு விதையின் வெப்பத்தை உயர்த்தாது, அளவாகச் சாப்பிடுங்கள். சனிக்கிழமை எண்ணெய்க் குளியலும் தடையில்லை. வெந்நீர்த் தொட்டியில் உட்கார்ந்து ஊறுவதுதான் கூடாது. சிகரெட் இருந்தால் இந்த மூன்று மாதத்துக்குள் விட்டுவிடுங்கள், சூட்டோடு சேர்ந்து அதுவும் அடிக்கிறது.

ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் விற்கும் ‘ஆண்மை’க் காப்பி, லேகியம் எதையும் தொடாதீர்கள். அப்படிப்பட்ட பொட்டலங்களில் விறைப்புக்கான மாத்திரை மருந்தைச் சொல்லாமல் கலந்திருப்பதை நம் சுகாதார அமைச்சு பலமுறை பிடித்திருக்கிறது. இதய நோய்க்கு மாத்திரை சாப்பிடுபவருக்கு அது உயிருக்கே ஆபத்து. விந்தணுவுக்கு எந்த நன்மையும் இல்லை. ஜிம்மில் யாராவது டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொள்ளச் சொன்னால் கட்டாயம் மறுத்துவிடுங்கள். வெளியிலிருந்து ஹார்மோன் வந்தால், மூளை விதைக்குக் கொடுக்கும் கட்டளையை நிறுத்திவிடும்; எண்ணிக்கை பூஜ்யத்துக்கே போகலாம். துத்தநாகமும் ஃபோலிக் அமிலமும் விலை குறைவுதான், ஆனால் 2,370 தம்பதியரிடம் நடத்தி 2020இல் வெளியான பெரிய ஆய்வில் அவற்றால் பலன் தெரியவில்லை. அந்தக் காசுக்கு மீன் வாங்கிச் சாப்பிடுங்கள்.

இனி உங்கள் மனைவி. ரிப்போர்ட்டை இன்றிரவே அவரிடம் காட்டுங்கள். பிள்ளை தாமதமாகும் தம்பதியரில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் பக்கமும் ஒரு காரணம் இருக்கிறது. இரண்டரை வருடமாக உங்கள் அம்மாவின் பேச்சை அவர் ஒருவரே வாங்கிக்கொண்டிருக்கிறார். அம்மாவிடம், “என் பக்கமும் பார்க்க வேண்டியிருக்கிறதும்மா” என்று மனைவியின் முன்னால் நீங்களே சொல்லுங்கள். அதற்காக மனைவியின் பரிசோதனையை உங்கள் ஜூலை ரிப்போர்ட் வரும்வரை தள்ளிப்போடாதீர்கள். கருமுட்டை வெளியாகிறதா என்று இரத்தத்தில் பார்ப்பது, கருக்குழாய் அடைப்பைப் படம் எடுத்துப் பார்ப்பது இரண்டும் இப்போதே நடக்கட்டும். இரவு ஷிப்ட் வாரத்தில் நீங்கள் இருவரும் பார்த்துக்கொள்வதே அபூர்வம் என்பது எனக்குத் தெரியும். கருத்தரிக்கும் நாட்கள், முட்டை வெளியாகும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாட்களுமாக மாதத்தில் ஆறுதான். மாதவிலக்கு 28 நாளுக்கு ஒருமுறை வருமானால், 9ஆம் நாளிலிருந்து 16ஆம் நாள் வரை இரண்டு நாளைக்கு ஒருமுறை சேருங்கள். அந்த வாரம் பகல் ஷிப்டாக விழும்படி மாற்றிக்கொள்ளப் பாருங்கள். எச்சிலும் சாதாரண வழுக்குக் களிம்புகளும் விந்தணுவின் நீச்சலைத் தடுக்கும், தவிர்த்துவிடுங்கள்.

அடுத்து பரிசோதனை. காய்ச்சல் முடிந்து மூன்று மாதம் கழித்து, ஜூலை இரண்டாம் வாரம் போங்கள். அதற்கு முன் விந்து வெளியேறி குறைந்தது 2 நாள், அதிகம் போனால் 7 நாள் ஆகியிருக்க வேண்டும். மூன்று நான்கு நாள் என்றால் நல்லது. லேபிலேயே அதற்கென்று அறை இருக்கும், அங்கேயே எடுங்கள். கைகழுவி, சோப்பு எச்சம் போக நீரில் அலசித் துடைத்துவிட்டு, அவர்கள் கொடுக்கும் வாயகன்ற போத்தலில் நேராகப் பிடியுங்கள். ஆணுறையில் பிடிக்கக் கூடாது, அதில் உள்ள பூச்சு விந்தணுவைக் கொல்லும். முதலில் வரும் பகுதியில்தான் விந்தணு மிக அதிகம். அது சிந்திவிட்டால் மறைக்காமல் சொல்லுங்கள், இல்லையென்றால் குறைவு என்று தப்பாக எழுதுவார்கள். லேபில் முடியவே முடியாது என்றால், அரை மணி நேரத் தூரத்தில் இருக்கும் ஓர் இடத்தில் எடுத்து, போத்தலைச் சட்டைக்குள் வயிற்றோடு வைத்துக் கொண்டுபோங்கள். கூடையிலும் வேண்டாம், ஐஸ் பெட்டியிலும் வேண்டாம். நீந்துபவை குறைவாக இருந்தால் உயிருள்ளவை எத்தனை என்றும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

அதற்குள் கிளினிக் கெசிஹாத்தான் என்ற அரசு சுகாதார நிலையத்தில் இருவருமாகப் பதிந்து, தெலுக் இந்தான் மருத்துவமனையின் மகப்பேறு நிபுணர் பிரிவுக்கு ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். வரிகோசீல் என்றால் ஈப்போவுக்கு அனுப்பக்கூடும். செயற்கைக் கருத்தரிப்பு வரை போக நேர்ந்தால், அதற்காக இபிஎஃப் சேமநிதியிலிருந்து பணம் எடுக்க வழி உண்டு.

ஜூலை ரிப்போர்ட்டில் மொத்தம் 3 கோடியே 90 லட்சத்தைத் தாண்டியிருந்தால், மே மாதக் குறைவுக்குப் பெரும்பாலும் டெங்குதான் காரணமாக இருந்திருக்கும். பாய்லரிலேயே நிம்மதியாக இருங்கள், நான் சொன்ன மாற்றங்களை மட்டும் விடாதீர்கள். குறைவாகவே இருந்து, வரிகோசீலும் இல்லை என்றால், டாக்டரின் கடிதத்தோடு மூன்று மாதத்துக்கு மட்டும் இடம் மாற்றிக் கேளுங்கள். அக்டோபர் கடைசியில் மறுபடி எண்ணிப் பார்த்தால், பாய்லரின் பங்கு எவ்வளவு என்று ஓரளவு தெரிந்துவிடும். மில்லிக்கு 50 லட்சத்துக்குக் கீழே போயிருந்தால் காத்திருக்க வேண்டாம், ஹார்மோனும் குரோமோசோமும் பார்க்கும் நிபுணரிடம் உடனே போக வேண்டும். எதுவாக இருந்தாலும் மே, ஜூலை ரிப்போர்ட் இரண்டையும், காய்ச்சல் வந்த தேதியையும் ஒரே தாளில் எழுதி எடுத்துப் போங்கள்.